கூவிளம் தேமாவும் ஏழாம் சிம்பொனியும்

மேலூரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அங்குள்ள திருமறைநாதர் கோயிலானாலும் சரி, தமிழ்நாட்டின் வேறெந்தச் சிவன் கோயிலானாலும் சரி, ஓதுவார் திருவாசகத்தை எடுத்ததுமே பழகிய காது ராகத்தைக் கண்டுகொள்ளும். மோகனம். தேவாரப் பதிகங்களுக்குப் பண்கள் பல உண்டு. திருவாசகத்துக்கு மரபு வகுத்தது மோகனம்தான். தாளக்கட்டு இல்லை. அவசரம் இல்லை. சொல்லுக்குச் சொல் நின்று, இழுத்து, இறக்கிப் பாடுவார்கள். கேட்பவர் கண் கசியும். திருவாசகத்துக்கு உருகாத மனம் வேறு எதற்கும் உருகாது என்று ஊரே சொல்லிவைத்திருக்கிறது.

மேற்கத்திய இசைப் பாடநூலைத் திறந்தால் இங்கே ஒரு முரண் எழும். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் அவர்கள் 'மேஜர்' என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தவை. மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று முதல் பாடத்திலேயே எழுதியிருக்கும். அப்படியானால் மேஜர் ஸ்வரங்களில் பாடும் திருவாசகம் ஏன் நெஞ்சை உருக்குகிறது?

இதற்கு நேரெதிரான முரண் ஒன்று 1813 டிசம்பர் 8 அன்று வியன்னா பல்கலைக்கழக மண்டபத்தில் நிகழ்ந்தது. ஹானாவ் என்ற இடத்தில் நெப்போலியன் படையோடு மோதிக் காயமுற்ற வீரர்களுக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி. பீத்தோவன் தம் ஏழாம் சிம்பொனியை அன்றுதான் அரங்கேற்றினார். செவிப்புலன் பெரும்பாலும் போய்விட்ட நிலையிலும் இசைக்குழுவைத் தாமே நடத்தினார். நான்கு பகுதிகள் கொண்ட அந்த சிம்பொனியில் துள்ளலும் கொண்டாட்டமுமாக மூன்று பகுதிகள் இருக்க, மக்கள் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டது இரண்டாம் பகுதியை. அது மைனரில் அமைந்தது. ஆனாலும் அழுகைப் பாட்டு அல்ல. நடந்துகொண்டே இருக்கும் இசை.

மேஜரில் உருக்கம், மைனரில் நடை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஓர் இசைப்பகுதியின் உணர்ச்சி எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடலாம்.

சுருதி வேறு, காந்தாரம் வேறு

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'ஏ மைனர்', 'பி ஃபிளாட் மேஜர்' என்று சிம்பொனிகளின் தலைப்பில் காணும் பெயருக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. 'ஏ' என்பது எங்கே ஷட்ஜம் வைப்பது என்பதைச் சொல்கிறது. நம் வழக்கில் அது கட்டை. ஆண் பாடகர் ஒரு கட்டையை ஒட்டியும் பெண் பாடகர் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். சங்கராபரணம் இரண்டிலும் சங்கராபரணம்தான். 'மைனர்' என்பதோ அந்த ஷட்ஜத்தின் மேல் எந்தெந்த ஸ்வரங்கள் அமரும் என்பதைச் சொல்கிறது. மேஜர் ஸ்வர வரிசை நம் சங்கராபரணம். மைனரில் மூன்று வடிவங்கள் உண்டு. அவை நடபைரவி, கீரவாணி, கௌரிமனோகரி ஆகியவற்றின் ஸ்வரங்களுக்கு ஒத்தவை.

உணர்ச்சியை அதிகம் மாற்றுவது கட்டை அல்ல, ஸ்வர அமைப்பு. 'ஏ' என்ற ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்ற அளவே 1939-இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாட்டில்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் அது ஏறியும் இறங்கியும் இருந்தது. ஒரே சிம்பொனி அரைக் கட்டை கீழே ஒலித்தாலும் அதன் சோகம் சோகமாகவே இருந்தது.

மேஜருக்கும் மைனருக்கும் நடுவே உள்ள தூரம் எண்ணளவில் மிகச் சிறியது. ஷட்ஜத்தை 220 அதிர்வில் வைத்துக்கொண்டால் பஞ்சமம் 330-ஐ ஒட்டி அமையும். இந்த இரண்டும் மேஜரிலும் மைனரிலும் ஒன்றே. நடுவில் நிற்கும் காந்தாரம் 277 அதிர்வில் இருந்தால் மேஜர். 262-க்கு இறங்கினால் மைனர். நம் பெயரில் சொன்னால் அந்தர காந்தாரமும் சாதாரண காந்தாரமும். நொடிக்குப் பதினைந்து அதிர்வு குறைந்ததும் மண்டபத்தில் வெளிச்சம் குறைந்ததுபோல் தோன்றுகிறது.

ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் தம்புராவிலேயே இருக்கிறது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டிக் காதைக் கொடுத்தால், யாரும் பாடாத ஒரு காந்தாரம் தானாக எழுவது கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். தந்தி முழு நீளத்துக்கு அதிரும்போதே பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், நான்கில் ஒன்றாகவும், ஐந்தில் ஒன்றாகவும் அதிர்கிறது. அந்த ஐந்தாவது அதிர்வின் ஒலியே அந்தர காந்தாரம். மேஜர் காந்தாரம் ஷட்ஜத்தின் வயிற்றிலேயே இருக்கிறது. சாதாரண காந்தாரத்தைப் பாடினால் அது இந்த மறை ஒலியோடு மெல்ல உரசுகிறது. அந்த உரசலே மைனரின் நிழல் என்பது ஒரு தரப்பு.

ஆனால் கர்நாடக இசை கேட்பவர் இதை முழுதாக ஏற்க மாட்டார். தோடியிலும் கரகரப்பிரியாவிலும் ஆபேரியிலும் இருப்பது சாதாரண காந்தாரம்தான். அவற்றை வெறும் சோக ராகங்கள் என்று யாரும் ஒதுக்குவதில்லை. காந்தாரம் ஒரு வாசலைத் திறக்கிறது. உள்ளே எப்படி நடக்கிறோம் என்பதை வேறொன்று முடிவு செய்கிறது.

நேர் நிரை நேர் நேர்

ஏழாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதிக்கு 'அலெக்ரெட்டோ' என்று பெயர். 'ஓரளவு விறுவிறுப்பாக' என்று பொருள். சிம்பொனிகளில் இரண்டாம் இடம் பெரும்பாலும் மெதுவான பகுதிக்கு உரியது. பீத்தோவன் அங்கே மெதுவான பகுதியை வைக்கவில்லை.

குழல் கருவிகள் ஒரு மைனர் கூட்டொலியை உரக்க எழுப்பி மெல்லத் தேய விடுகின்றன. பிறகு கீழ்க்குரல் தந்திக் கருவிகளான வியோலா, செல்லோ, டபுள் பாஸ் மட்டும் ஒரு தாள அமைப்பைத் தொடங்குகின்றன. நீளம் ஒன்று, குட்டை இரண்டு, நீளம் இரண்டு. தமிழ் யாப்பு படித்தவருக்கு இதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நேர், நிரை, நேர், நேர். வாய்பாட்டால் சொன்னால், கூவிளம் தேமா. 'கூவிளம் தேமா, கூவிளம் தேமா' என்று சீராகச் சொல்லிக்கொண்டே நடந்தால் அந்தப் பகுதியின் முதுகெலும்பு கைக்கு வந்துவிடும். தொடக்கத்தில் மெட்டு என்றே ஒன்று இல்லை. மேற்குரல் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. நகர்ந்தாலும் அடுத்த ஸ்வரத்துக்குத்தான் நகர்கிறது.

அதே அமைப்பு மறுபடி வருகிறது. இம்முறை இரண்டாம் வயலின்கள் அதை எடுத்துக்கொள்ள, வியோலாவும் செல்லோவும் ஊடே ஒரு நீண்ட பாட்டை இழைக்கின்றன. மூன்றாம் சுற்றில் முதல் வயலின்கள் மேலே ஏறுகின்றன. நான்காவதில் மொத்தக் குழுவும் சேர்ந்து முழங்குகிறது. தேர் நிலையிலிருந்து புறப்படும்போது முதலில் வடம் மட்டும் இறுகி, பிறகு சக்கரம் அசைந்து, பிறகு தெருவே அதிர்வதுபோல. நடுவில் காந்தாரம் மாறி மைனர் மேஜராகிறது. கிளாரினெட்டும் பஸ்ஸூனும் இளைப்பாறுதல் போன்ற ஒரு மெட்டைப் பாடுகின்றன. அப்போதும் அடியில் செல்லோக்கள் விரலால் மீட்டிக் 'கூவிளம்' நடையை விடாமல் பிடித்திருக்கின்றன. பின்னர் மைனர் திரும்புகிறது. கடைசியில் அந்த நடை துண்டு துண்டாகக் கருவிக்குக் கருவி கைமாறி, தொடங்கிய அதே குழல் கூட்டொலியில் அடங்குகிறது.

இந்த நடை எவ்வளவு வேகத்தில் செல்ல வேண்டும் என்பதைப் பீத்தோவனே எண்ணில் எழுதிவைத்தார். அந்த எண்ணுக்குப் பின்னால் யோகான் மெல்செல் என்ற இயந்திரக் கலைஞர் இருக்கிறார். 1813 டிசம்பர் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் அவர். ஊசல் தட்டும் மெட்ரோனோம் கருவிக்கு 1815-இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. 1817-இல் பீத்தோவன் அதுவரை எழுதிய எட்டு சிம்பொனிகளுக்கும் மெட்ரோனோம் எண்களை அச்சில் வெளியிட்டார். ஏழாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதிக்கு அவர் கொடுத்தது நிமிடத்துக்கு 76 தட்டு.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தட்டுக்கு 0.79 நொடி. ஒரு 'கூவிளம் தேமா' முடிய மூன்று நொடிக்குச் சற்று மேல். அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்பதால் 76 என்பது ஓய்வான இதயத்தின் வேகம். பகுதி முழுவதும் ஏழேகால் நிமிடத்தை ஒட்டி முடியும்.

இருபதாம் நூற்றாண்டில் பல இசை நடத்துநர்கள் இந்த எண்ணை ஒதுக்கிவைத்து, மைனர் என்றால் துயரம் என்ற எண்ணத்தில் வேகத்தைக் குறைத்தார்கள். 76 என்பதை 56 ஆக்கினால் பகுதி பத்து நிமிடத்தை ஒட்டி நீளும். ஒரு ஸ்வரமும் மாறவில்லை. ஆனால் நடைப்பயணம் இறுதி ஊர்வலமாகிவிடும். 1980-களிலிருந்து ரோஜர் நாரிங்டன், ஜான் எலியட் கார்டினர் போன்றவர்கள் பீத்தோவன் காலத்துக் கருவிகளோடு அவர் எண்களை நெருங்கி வாசித்துப் பதிவுசெய்தபோது, துக்கத்தைச் சுமந்துகொண்டு நிற்காமல் நடக்கும் ஒரு மனிதக் கூட்டம் மறுபடி கேட்டது. 2010-இல் வந்த 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தில், திக்குவாய் கொண்ட மன்னர் ஆறாம் ஜார்ஜ் 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்பை வானொலியில் பேசும் காட்சிக்குப் பின்னால் ஒலிப்பது இந்தப் பகுதிதான்.

ஒரே ஆண்டு, ஒரே பெயர், இரண்டு மனநிலை

ஏழாம் சிம்பொனியை 1812-இல் முடித்த கையோடு பீத்தோவன் எட்டாம் சிம்பொனியையும் அதே ஆண்டில் எழுதினார். அது 1814 பிப்ரவரி 27 அன்று வியன்னாவில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியும் ஓர் அலெக்ரெட்டோ. பெயரோடு 'விளையாட்டாக' என்ற சொல் சேர்ந்திருக்கும். நான்கு நிமிடத்தைத் தாண்டாத சின்னப் பகுதி. பீத்தோவன் அதற்குக் கொடுத்த எண் 88. சுருதி பி ஃபிளாட் மேஜர்.

இந்த இரண்டு பகுதிகளும் ஓர் ஆய்வுக்கூடச் சோதனைக்காகவே எழுதப்பட்டவைபோல அமைந்திருக்கின்றன. 76-ஐயும் 88-ஐயும் அப்படியே ஒப்பிடக் கூடாது, ஏனெனில் ஏழில் அந்த எண் ஒரு முழுத் தட்டைக் குறிக்கிறது, எட்டில் அரைத் தட்டை. ஆனால் காதுக்கு எட்டும் மிகச் சிறிய துடிப்பை மட்டும் எண்ணினால், ஏழின் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 152, எட்டில் 176. பெரிய தூரம் இல்லை. மனநிலையோ முற்றிலும் வேறு. ஏழில் மைனர், கீழ்க்குரல் தந்திகள், ஒன்றோடொன்று ஒட்டி நகரும் ஸ்வரங்கள். எட்டில் மேஜர், குழல் கருவிகள் 'தகதக தகதக' என்று கத்தரித்துத் தட்டும் மிகக் குட்டையான ஒலிகள், அதன்மேல் வயலின் துள்ளிப் பேசும் மெட்டு.

அந்தத் 'தகதக' மெல்செலின் கருவியைப் பார்த்துச் செய்தது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பீத்தோவனின் உதவியாளராக இருந்த ஆன்டன் ஷிண்ட்லர் கிளப்பிவிட்ட கதை அது. அதற்கு ஆதாரமாக அவர் காட்டிய சிறு பாட்டு ஷிண்ட்லரே புனைந்தது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. கதை போனாலும் இசை காட்டும் உண்மை நிற்கிறது: வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது மனநிலையை மாற்றுவது காந்தாரமும், ஒலியை நீட்டுகிறோமா வெட்டுகிறோமா என்பதும்தான்.

முதலில் வேகம், பிறகு ஸ்வரம்

வேகம், ஸ்வர வகை இரண்டில் எது வலியது? அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் கேட் ஹெவ்னர் 1930-களில் இதை முறையாகச் சோதித்தார். ஒரே இசைத்துண்டை மேஜரிலும் மைனரிலும், வேகமாகவும் மெதுவாகவும், மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் வாசித்துக் காட்டி, கேட்டவர்களை உணர்ச்சிச் சொற்களின் பட்டியலில் குறிக்கச் சொன்னார். 1937-இல் வெளியான அவர் முடிவுகளில் வேகமும் ஸ்வர வகையும் முன்னணியில் நின்றன. வேகத்தின் பிடி எல்லாவற்றிலும் வலுவாக இருந்தது.

குழந்தைகளிடமும் இதே வரிசைதான். கனடாவின் மான்ட்ரியலில் சிமோன் டல்லா பெல்லா, இசபெல் பெரட்ஸ் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகள் வேகத்தை மட்டும் வைத்து மகிழ்ச்சி, சோகம் என்று பிரித்தார்கள். மேஜர், மைனர் வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்தவர்கள் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள். வேகத்தை உடம்பு முதலிலேயே அறிகிறது. காந்தாரத்தின் பொருளைக் காது பழகித்தான் கற்கிறது.

உடம்பு அறிகிறது என்பது அலங்காரச் சொல் அல்ல. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006-இல் 24 பேருக்குப் பல வகை இசையைக் கேட்க வைத்து மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் அளந்தார்கள். அந்த வகைகளில் நம் நாட்டு ராக இசையும் ஒன்று. வேகம் கூடியபோது மூச்சும் துடிப்பும் கூடின. இசை எந்த நாட்டைச் சேர்ந்தது, கேட்பவருக்குப் பிடித்ததா என்பவற்றைவிட வேகமே பெரிதாகப் பேசியது. நடுவே இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது உடம்பு முன்பைவிட நன்றாகத் தளர்ந்தது.

வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ இரண்டு நொடியை நெருங்கிவிட்டால் மூளை அவற்றைச் சேர்த்து ஒரு தாளமாக உணர்வதில்லை. தனித்தனி ஒலிகளாகவே கேட்கிறது. மேலூர்ப் பக்கக் கிராமங்களில் சாவு வீட்டின் சேகண்டி ஓசையை நினைத்துப் பார்க்கலாம். ஒரு தட்டு. அது தேய்ந்து மறையும். சங்கு ஊதும். மறுபடி ஒரு தட்டு. கால் அதோடு சேர்ந்து நடக்காது; நின்று கேட்கும். அதே வீட்டு வாசலில் சிறிது நேரம் கழித்துப் பறையும் உறுமியும் எழும்போது நடை தலைகீழாகிவிடும். துக்க வீட்டு மேளம் மதுரை வட்டாரத்தில் மெதுவாக அடிப்பதில்லை. திருவிழாவில் சாமி புறப்படும்போது கேட்கும் விசை அதிலும் இருக்கும். இறந்தவரைக் கௌரவத்தோடு வழியனுப்பும் விசை அது. வேகம் என்றாலே மகிழ்ச்சி என்று எழுதும் பாடநூல் மேலூரில் ஒருநாள் தங்கினால் அந்த வரியைத் திருத்திக்கொள்ளும்.

ஒப்பாரியும் ஓர் ஆய்வும்

அந்தச் சாவு வீட்டின் உள்ளே பெண்கள் வைக்கும் ஒப்பாரியில் இன்னொரு தடயம் இருக்கிறது. ஒப்பாரி சில ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிவரும். அடுத்த ஸ்வரத்துக்கு நகருமே தவிரப் பெரிய தாவல் போடாது. ஒவ்வோர் அடியும் சரிந்து இறங்கி ஒரு நீண்ட மூச்சில் முடியும். பீத்தோவனின் அலெக்ரெட்டோ தொடங்கும் விதமும் இதுதான்: குறுகிய இடம், சின்ன நகர்வு, திரும்பத் திரும்ப அதே ஸ்வரம்.

இது தற்செயல் அல்ல என்று சொல்லும் ஆய்வு ஒன்று தமிழை நேரடியாகத் தொட்டது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பௌலிங், ஜனனி சுந்தரராஜன், டேல் பர்வ்ஸ் முதலியோர் 2012-இல் வெளியிட்டது. மேற்கத்திய இசையையும் கர்நாடக இசையையும் ஒருபுறம் வைத்தார்கள். ஆங்கிலப் பேச்சையும் தமிழ்ப் பேச்சையும் மறுபுறம் வைத்தார்கள். உற்சாகமான உணர்ச்சிக்குரிய மெட்டுகளில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவும் தூரம் பெரிதாகவும், அடங்கிய துயரத்துக்குரிய மெட்டுகளில் சிறிதாகவும் இருந்தது. இரண்டு இசை மரபிலும் இதே போக்கு. பேச்சிலும் அதுவே: மகிழ்ச்சியில் பேசும் தமிழரின் குரல் ஏறி இறங்குகிறது, துயரத்தில் தட்டையாகிறது, ஆங்கிலம் பேசுபவருக்கும் அப்படியே. இசை தன் உணர்ச்சி இலக்கணத்தை மனிதக் குரலிலிருந்து எடுத்துக்கொண்டது என்பதே அவர்கள் முடிவு.

எல்லை தாண்டிய புரிதலுக்கு வேறு சான்றுகளும் உண்டு. லாரா-லீ பால்க்வில், வில்லியம் தாம்ப்சன் இருவரும் 1999-இல் இந்துஸ்தானி ராகங்களைக் கேட்டே அறியாத மேற்கத்தியரிடம் அவற்றை வாசித்துக் காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அவர்கள் சரியாக இனங்கண்டார்கள். தாமஸ் ஃபிரிட்ஸ் குழுவினர் 2009-இல் கேமரூன் நாட்டு மலைகளில், மேற்கத்திய இசையே எட்டாத மாஃபா மக்களிடம் பியானோ துண்டுகளைக் கொண்டுசென்றார்கள். அவர்களும் மகிழ்ச்சி, சோகம், அச்சம் மூன்றையும் பிரித்தறிந்தார்கள்.

இப்போது திருவாசகத்துக்குத் திரும்பலாம். மோகனத்தில் அந்தர காந்தாரம் இருக்கிறது. அது மைனரின் நிழலைத் தருவதில்லை. ஆனால் ஓதுவார் பாடும் முறையில் தாளம் நெகிழ்ந்திருக்கிறது, மூச்சு நீள்கிறது, குரல் பேச்சை ஒட்டியே நகர்கிறது, அடிகள் இறங்கி முடிகின்றன. கேட்பவரின் மூச்சும் அதோடு நீண்டுவிடும். ஸ்வரங்கள் வெளிச்சத்தையும் நடை உருக்கத்தையும் தர, இரண்டும் கலந்ததே அந்த அனுபவம். வெறும் துக்கமாக இல்லாமல், அழுதுகொண்டே நிறைவடையும் மனநிலை. பீத்தோவனின் அலெக்ரெட்டோ இதைத் திருப்பிப் போடுகிறது: ஸ்வரங்கள் இருளையும் நடை உறுதியையும் தருகின்றன. வேகத்தையும் ஸ்வரத்தையும் எதிரெதிர்த் திசையில் இழுத்துக் கட்டும்போதுதான் மகிழ்ச்சி, சோகம் என்ற இரண்டு பெட்டிகளிலும் அடங்காத உணர்ச்சிகள் பிறக்கின்றன.

வைகைக் கரைக்கு வந்த மேஜர்

தமிழ்க் காதுக்கு மேற்கின் மேஜர் வந்து சேர்ந்து இருநூறு ஆண்டு ஆகிறது. 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னையில் ஆங்கிலேயர் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, ஏறத்தாழ 40 நோட்டுஸ்வரப் பாடல்களை அமைத்தார். எல்லாம் சங்கராபரணம். அவற்றில் ஒன்று இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டிலேயே இருக்கிறது. கமகம் இல்லாத நேர் ஸ்வரங்கள், அணிவகுப்பு நடை. அதே தீட்சிதரின் சங்கராபரணக் கிருதிகளை விளம்ப காலத்தில் கேட்டால் ராகம் கம்பீரமாக, கனமாக ஒலிக்கும். ஸ்வரங்கள் ஒன்றே என்று நம்பவே கடினமாக இருக்கும்.

மதுரைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் சங்கராபரணத்தில் அமைத்த 'இங்கிலீஷ் நோட்டு' என்ற சின்ன உருப்படியைக் கச்சேரி மேடைகளில் பிரபலமாக்கியவர் மதுரை மணி ஐயர். 1912-இல் மதுரையில் பிறந்தவர். சொல்லே இல்லாமல் ஸ்வரங்களை மட்டும் துள்ளும் நடையில் அவர் பாட, ரசிகர்கள் அதை விரும்பிக் கேட்டு வாங்கினார்கள். வியன்னாவில் மறுமுறை கேட்டவர்களும் இவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்.

அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா இந்த வழியில் வெகுதூரம் போனார். 2005-இல் வெளியான அவரது திருவாசகம் இசைத்தொகுப்புக்கு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. திருவாதவூரில் பிறந்தவரின் தமிழ், மோகனத்தை விட்டு வேறு ஸ்வரங்களுக்கும் கட்டுப்பட்ட தாளத்துக்கும் போனபோது, அதே சொற்களிலிருந்து வேறு உணர்ச்சிகள் வெளிவந்தன. ஓதுவார் பாடிக் கேட்ட வரியில் பயணத்தின் விரைவும் படை நடையின் மிடுக்கும் கேட்டன. 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அவரது நான்கு பகுதி சிம்பொனியான 'வேலியன்ட்' அரங்கேறியது. மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது.

சிம்பொனி நமக்கு எட்டாத பொருள் என்று ஒதுங்கி நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேகண்டியையும் பறையையும், ஒப்பாரியையும் ஓதுவாரையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அதற்கு வேண்டிய பயிற்சி முக்கால் பங்கு முடிந்துவிட்டது. மேலூர்ப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் யாப்பு நடத்தும் நாளில் வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். பிள்ளைகளைக் 'கூவிளம் தேமா' என்று கைதட்டிச் சொல்லவைத்து, கைப்பேசியில் ஏழாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியைப் போட வேண்டும். பீத்தோவனின் 76-ஐ ஒட்டிய பதிவு ஒன்று, அதைவிட மெதுவான பதிவு ஒன்று. பிறகு எட்டாம் சிம்பொனியின் சின்ன அலெக்ரெட்டோ. கடைசியில் ஓதுவார் பாடிய ஒரு திருவாசகப் பதிகம். ஒவ்வொன்றுக்கும் பின் என்ன உணர்ந்தார்கள் என்று ஒரே சொல்லில் எழுதச் சொல்லலாம். நான்கையும் கேட்டு முடிக்க அரை மணி நேரம் போதும்.